எழுந்தது கோர்ட்டா, அம்மாவா?

அந்த மாலையில் கட்டடத்துக்குள் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான். மாடியில், விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடக்கும் மன்றத்தில் நீதிபதி அம்மா. அவருக்குக் கீழே உட்காரும் பெஞ்ச் கிளார்க். தட்டச்சர். இரண்டு பக்கத்து வக்கீல்கள். வழக்குப் போட்ட சரசு. கூண்டில் நின்ற சாட்சி. வாசலில் டவாலி, அதாவது நீதிபதிக்கு முன்னால் நடந்து வழிவிடச் சொல்லும் உதவியாளர். கீழே அலுவலகத்தில் தலைமை எழுத்தரான சிரஸ்தார். அதற்கும் கீழே, மெயின் சுவிட்சுகள் இருக்கும் பேனல் அறையில், நான். கேட்டில் வாட்ச்மேன் இருந்தார். அவர் எப்போதும் கேட்டுக்கு வெளியேதான் நாற்காலி போட்டிருப்பார் என்பதால் அவரைச் சேர்க்கவில்லை. ஆகப் பத்துப் பேர்.

பிற்பாடு கட்டடத்தைப் பராமரிக்கும் கம்பெனி என்னைக் கேட்டது ஒரே கேள்விதான். யார் சொல்லி விளக்கைப் போட்டாய்? இந்தப் பத்துப் பேரையும் மனசுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்தேன். ஒருத்தர்கூடச் சொல்லியிருக்கவில்லை.

கட்டடப் பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக எழுதச் சொன்னார்கள். நான் எட்டாவதோடு நின்றவன். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்த்து, அங்கிருந்து தறிப்பட்டறை, அங்கிருந்து இந்தக் கம்பெனி என்று வந்தவன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மோட்டாரை எப்படிப் பார்ப்பது, லிஃப்டை எப்படிப் பார்ப்பது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். பயிற்சியில் சொல்லாதது ஒன்று இருக்கிறது. இந்த வேலையில் நீங்கள் யாருடைய ஆள் என்று கடைசிவரை தெரியாது. கோர்ட்டு ஊழியர்கள் என்னைக் கம்பெனிக்காரர் என்பார்கள். கம்பெனியில் என்னைக் கோர்ட்டுக்காரர் என்பார்கள். கோர்ட்டு ஊழியர்கள் டீக்குப் போகும்போது என்னைக் கூப்பிட மாட்டார்கள், கோபத்தால் இல்லை, ஞாபகம் வராது. மத்தியானம் பேனல் அறையில் மின்பெட்டிகளின் ரீங்காரத்துக்கு நடுவே தூக்குப்போசியைத் திறந்து சாப்பிடுவேன். பேத்தியைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்காரி ஓமலூரில் மகள் வீட்டோடு இருந்ததால், இரவும் அதே போசிதான்.

நம் கட்டடங்கள் எப்படி ஓடுகின்றன என்பதைத் தெரிந்துகொண்டுதான் வந்திருப்பீர்கள். இருந்தாலும் சொல்கிறேன். கட்டடத்தைக் கட்டியது கம்பெனி. அரசாங்கம் அதில் குடியிருக்கிறது. வருசா வருசம் ஒரு தொகை கொடுக்கும். அந்தத் தொகைக்குள் கூட்டுவது, பெருக்குவது, விளக்கு, தண்ணீர், லிஃப்ட் எல்லாம் கம்பெனி பார்க்க வேண்டும். ஒப்பந்தக் காலம் முடிகிறவரை சுவர் கம்பெனியுடையது. அதனால் ஒப்பந்தத்தில் எழுதாத எதைக் கேட்டாலும் அதற்குத் தனி விலை.

சிரஸ்தார் தன் அறைச் சுவரில் மாதக் காலண்டர் மாட்ட ஒரே ஒரு ஆணி கேட்டார். நான் மேலே கேட்டேன். மேலிருந்து கொட்டேஷன் வந்தது. ஆள் கூலி, வந்துபோகிற செலவு, சுவர்ப் பூச்சுக்கு உத்தரவாதம், வரி எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துச் சொச்சம். அவர் அதை இரண்டு முறை படித்தார்.

“ஏனுங்க, இது ஆணிக்கா, செவுத்துக்கா?”

“ஆணிக்குத்தானுங்க.”

“அப்ப செவுரு எவ்வளவு வருமுன்னு கேட்டுச் சொல்லுங்க. வாங்கிப் போட்டுக்கறேன்.”

நானே என் கைக்காசில் ஓர் ஆணி வாங்கி அடித்திருக்கலாம். கை அரித்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்பெனியிலிருந்து சுவரைப் படம் எடுக்க ஆள் வருவான், மாட்டிக்கொள்வோம் என்று பயந்து விட்டுவிட்டேன். அவர் காலண்டரை ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்தார். நான் ஓய்வு பெறும்வரை அது அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தது. வழக்குக்கு வரும் சனங்கள் நடைவழியில் நின்றுகொண்டிருப்பார்கள். காலண்டருக்கு இருக்கை உண்டு. இதை நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

நான் பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஏறி, பாதியில் இறங்கி, திரும்பப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்திருக்கிறேன். எனக்கு முன்னால் இந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டவர் பொறுப்பை ஒப்படைக்கும்போது, “எதையும் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை கேட்டுக்கங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நான் அப்படியே நடந்தேன். அன்றைக்கும் இரண்டு தடவை கேட்டேன்.

விளக்கு விதி இதுதான். ஆறு மணிக்கு மன்றங்களின் விளக்கை அணைக்க வேண்டும். ஆறு தாண்டியும் விசாரணை ஓடிக்கொண்டிருந்தால், முடிகிறவரை எரியலாம், தனிக் கட்டணம் கிடையாது. ஆனால் அணைத்த விளக்கைத் திரும்பப் போட்டால் அது கூடுதல் நேரம். அதற்கு யாராவது எழுத்தில் கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து நிமிசம் எரிந்தாலும் நாலு மணி நேரத்துக்குப் பில். கரண்ட் செலவு கம்பெனியுடையது என்பதால், கோர்ட் முடிந்தபிறகும் விளக்கு எரிந்தால் அடுத்த நாள் காலையில் எனக்குப் போன் வரும். ஆக, சீக்கிரம் அணைக்கவும் பயம், தாமதிக்கவும் பயம்.

கோர்ட்டில் பேச்சு வழக்கு ஒன்று உண்டு. விசாரணை முடிந்து நீதிபதி அறைக்குப் போய்விட்டால், கோர்ட் எழுந்தது என்பார்கள். எங்கள் டவாலி அதை அம்மா எந்திரிச்சாச்சு என்பார். இத்தனை வருசமாக இரண்டும் ஒன்றுதான். அம்மா எழுந்தால் கோர்ட் எழுந்தது. யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

கார்த்திகை மாசம். மத்தியானத்திலிருந்தே மூட்டம். நம் கட்டடத்து ஜன்னல்கள் உங்களுக்குத் தெரியும், திறக்க முடியாத கறுப்புக் கண்ணாடி. ஐந்தரைக்கே உள்ளே இருட்டு கட்டிவிடும். மற்ற மன்றங்கள் எல்லாம் அணைந்துவிட்டன. விபத்து மன்றம் மட்டும் நடந்துகொண்டிருந்தது. ஆறு தாண்டிக் கொஞ்ச நேரம் பொறுத்தேன். பிறகு இன்டர்காமில் டவாலியைக் கூப்பிட்டேன்.

“கோர்ட் ஆச்சுங்களா?”

“அம்மா எந்திரிச்சாச்சுங்க.”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க. எந்திரிச்சாச்சா?”

“அட, எங் கண்ணு முன்னால எந்திரிச்சு நிக்கறாங்க. பொய்யா சொல்றேன்?”

நிற்கிறாங்க என்ற சொல் என் காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. அந்த மன்றத்தின் மெயினை இறக்கினேன்.

நடந்தது என்னவென்றால், சாட்சி விபத்து நடந்த இடத்தின் வரைபடத்தைக் காட்டி, லாரி எங்கே வந்தது, சரசுவின் புருசன் எங்கே நின்றார் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அம்மாவுக்கு அவர் விரல் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை. எழுந்து, மேசைமேல் கையை ஊன்றி, குனிந்து பார்த்திருக்கிறார். அந்த விரல் வரைபடத்தில் இருக்கும்போதே இருட்டு.

மாடியிலிருந்து காலடி தடதடவென்று இறங்கியது. செல்போன் வெளிச்சத்தோடு டவாலி.

“ஏனுங்க, என்னத்தப் பண்ணுனீங்க? அங்க கோர்ட் நடக்குது.”

“எந்திரிச்சாச்சுன்னு நீங்கதான சொன்னீங்க?”

“எந்திரிச்சாங்கதான். போனாங்கன்னா சொன்னேன்?”

சண்டை போட நேரம் இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல், அதாவது இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல், இருட்டிலேயே எழுந்து வாய்தா கேட்டுவிட்டாராம். அம்மா பத்து நிமிசம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அதற்குள் வெளிச்சம் வந்தால் விசாரணை. வராவிட்டால் வேறு தேதி.

டவாலியை மாடிப்படியிலேயே நிறுத்திவிட்டு சிரஸ்தாரிடம் ஓடினேன். அவர் ஏற்கனவே நாற்காலியிலிருந்து காலண்டரைத் தூக்கி நடைவழி விளக்குக்கு நேராகப் பிடித்து, பெஞ்ச் கிளார்க்குக்கு அனுப்பத் தேதி பார்த்துக்கொண்டிருந்தார். கூடுதல் நேரப் படிவத்தை நீட்டினேன். வாங்கவே இல்லை.

“நாம் போட மாட்டனுங்க. போன வருசம் ஒரு ஜாமீனுக்குப் போட்டேன். ஆடிட்டுல எம் பேரு வந்துது. எந்த நிதியில இருந்து கேட்டேன்னு எழுத்துல கேட்டாங்க. இன்னும் பதில் எழுதிட்டு இருக்கறேன்.”

“அம்மாகிட்டக் கேட்டுப் பாக்கலாமுங்களா?”

“நீதிபதிகிட்டப் போயி லைட்டுக்குக் கையெழுத்துக் கேப்பீங்களா? கேளுங்க. நான் இங்க நின்னு பாக்கறேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “லைன் டிரிப் ஆயிருச்சுன்னு சொல்லிருங்க சாமி. உங்களுக்கும் வம்பில்ல, எனக்கும் வம்பில்ல. வாய்தா போறதெல்லாம் கோர்ட்டுல புதுசா?”

அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் தப்பும் தெரியவில்லை. கம்பெனி மேனேஜருக்குப் போன் போட்டேன். அவர் வெளியூர். பின்னால் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிக்கிற சத்தம்.

“சைன் வாங்கிட்டுப் போடுங்கண்ணே. சைன் இல்லன்னா பில் பண்ண முடியாது. பில் பண்ணலன்னா என்கிட்ட கேப்பாங்க.”

“அணைச்சதே தப்பா நடந்துபோச்சுங்க சார். புதுக் கணக்கு வேண்டாம், பழசுலயே சேத்துக்கலாமுங்களா?”

“மெஷின்ல அணைச்ச நேரம் ஏறிடுச்சுண்ணே. நான் என்ன பண்றது? அதுக்குத் தெரியுமா உங்க தப்பு?”

பேனல் அறைக்குத் திரும்பினேன். லைன் டிரிப் என்று ஒரு வார்த்தை. மாடிப்படியில் நிற்கும் டவாலியிடம் சொன்னால் போதும், மேலே போய்ச் சொல்லிவிடுவார். நான் வீட்டுக்குப் போய்விடலாம். வாயைக்கூடத் திறந்துவிட்டேன்.

வாசலில் யாரோ நின்றார்கள். சரசு. நடைவழி விளக்கில் சேலை முந்தானையை இழுத்துப் போர்த்தியபடி, உள்ளே வராமல் நின்றாள். முப்பத்தைந்து வயசு இருக்கும். அதற்கு முன்னால் பல வாய்தாக்களில் அவளை நடைவழியில் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை.

“கரண்டு வராதுங்களா?”

“வந்துரும்மா. ஒரு கையெழுத்து வேணும்.”

“நாம் போடட்டுங்களா?”

“நீ போடக் கூடாதும்மா.”

பிறகு அவளாகவே சொன்னாள். “சாட்சிக்கு வந்த அண்ணன் விடிகாலம் வண்டி ஏறீருவாருங்க. ரிக்கு வடக்க போகுது. மாரியாத்தா கோயில் நோம்பிக்குத்தான் திரும்பி வருவாராமா. போன நோம்பிக்கு வந்தப்போ கோர்ட்டு லீவு. அதுக்கு முன்னால வந்தப்போ வக்கீலுக்கு ஒடம்பு சேரல. எங்கூட்டுக்காரரு அடிபட்டதப் பாத்தவரு அவரு ஒருத்தருதானுங்க. இன்சூரன்ஸ்காரங்க, எங்கூட்டுக்காரரு குடிச்சுட்டு ரோட்டுல படுத்திருந்தாருங்கறாங்க. அவரு டயருக்குக் கல்லு வெச்சுட்டு இருந்தாருன்னு இந்தண்ணன் சொன்னாத்தான் உண்டு.”

நான் ரிக் வண்டிகளில் வேலை பார்த்தவன். சாலையோரம் வண்டி நின்றால் இறங்கி டயருக்குக் கல் வைப்பது யார், எந்தப் பக்கம் குனிந்து நிற்பார், பின்னால் வருகிற லாரிக்கு அவர் எப்படித் தெரிவார், எப்படித் தெரியமாட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது? கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டியவன் நான் இல்லை. சொல்ல வேண்டியவர் மேலே இருட்டில் நிற்கிறார்.

“எவ்வளவு ஆகுமுங்க?” என்று கேட்டாள். “லைட்டுக்கு?”

இடுப்பில் செருகியிருந்த சின்னப் பையை எடுத்து, அதன் ஜிப்பைத் திறந்தாள்.

“பஸ்ஸுக்குப் போக எண்ணூறு இருக்குதுங்க. மிச்சத்த மோகனூருல எங்கண்ணங்கிட்ட வாங்கி நாளைக்குக் கொண்டாந்து கட்டறேனுங்க.”

தம்பிகளே, தங்கைகளே, நீங்கள் நிதானமாக யோசிக்க வேண்டிய இடம் இதுதான். எனக்கு அன்றைக்கு நிதானம் இல்லை. ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அந்தக் காசை நான் வாங்கினால், வழக்குப் போட்டவள் காசில் கோர்ட்டு விளக்கு எரிந்தது என்று ஆகும். அடுத்த வாய்தாவில் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் சொல்வார். அவளுடைய சாட்சி சொன்ன எல்லாமே அந்த விளக்கோடு அணைந்துபோகும். அதைவிட, கேட்கிறவள் காசு வைத்தால்தான் கோர்ட்டில் வெளிச்சம் என்று ஒரு நாள் நடந்துவிட்டால், மறுநாள் அதுதான் வழக்கம். நம் கம்பெனிக்கு அதற்கும் ஒரு படிவம் போடத் தெரியும்.

“பைய உள்ள வைம்மா,” என்றேன். “இந்தக் கட்டடத்துல யாருகிட்டயும் அதத் தொறக்காத.”

படிவத்தை மின்பெட்டிமேல் வைத்தேன். நாலு மணி நேரத்துக்கான தொகை அதில் அச்சடித்தே இருக்கும்: பதினோராயிரத்து அறுநூறு. என் மாதச் சம்பளத்தில் முக்கால் பங்குக்கும் மேல். கோரியவர் என்று ஒரு கட்டம். கோரிக்கைக்கான காரணம் என்று ஒரு கட்டம். முதல் கட்டத்தில் என் பேரை எழுதினேன். இரண்டாவது கட்டத்தில், கோர்ட் எழவில்லை, என்று எழுதினேன். அடியில் கையெழுத்துப் போட்டேன். மெயினை ஏற்றினேன். சரசு திரும்பிக்கூடப் பார்க்காமல் மாடிப்படிக்கு ஓடினாள்.

படியில் நின்ற டவாலி கேட்டார், “அம்மாகிட்ட என்னன்னு சொல்றது?”

“நான் தப்பா அணைச்சுட்டேன், போட்டுட்டேன்னு சொல்லுங்க.”

“அட, அப்படியேவா சொல்றது?”

“அப்படியே சொல்லுங்க.”

அதற்கப்புறம் நான் மேலே போகவில்லை. மெயினுக்குப் பக்கத்திலேயே நின்றேன், யாராவது வந்து இறக்கிவிடுவார்கள் என்பதுபோல. குறுக்கு விசாரணையும் முடிந்து, எல்லோரும் இறங்கி வந்தார்கள். சாட்சி ஒரு பீடியைப் பற்றவைக்காமல் வாயில் வைத்தபடி, “நல்லவேளைங்க, இன்னைக்கு முடிஞ்சுது” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு போனார். நீதிபதி அம்மா கார் பக்கம் நடக்கும்போது என்னைப் பார்த்து நின்றார்.

“இங்கே கரண்ட் அடிக்கடி இப்படிப் போகுமா?”

டவாலியைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லைங்கம்மா, நான்தான், என்று ஆரம்பித்தேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. டவாலி குடையை விரித்துவிட்டார். கதவு சாத்திக் கார் கிளம்பிவிட்டது.

கேட்டில் சரசு பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். “உங்க பேரு என்னங்க?” என்று கேட்டாள். என் பேர் அவள் வாயில் வந்தால் அவளுக்கு நான் வேண்டியவன் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயம். “கம்பெனிக்காரருன்னு வெச்சுக்கம்மா,” என்றேன். சரிங்க என்றாள். பஸ் வந்தது, ஏறினாள். வாட்ச்மேன் நாற்காலியை மழைக்குக் கேட்டுக்குள்ளே நகர்த்தினார். நான் திரும்பப் போய் எல்லா மாடியையும் ஒரு சுற்று பார்த்தேன். மன்றத்தில் யாரும் இல்லை என்று என் கண்ணால் பார்த்த பிறகு அணைத்தேன். அன்று தொடங்கி, ஓய்வு பெறும்வரை, மேலே போய்ப் பார்க்காமல் ஒரு நாளும் அணைக்கவில்லை. உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். இன்டர்காமில் கேட்காதீர்கள். இரண்டு தடவை கேட்டாலும் ஒரே சொல்தான் வரும். ஏறிப் போய்ப் பாருங்கள்.

பில் கோர்ட்டுக்குப் போனது. கோரியவர் நீதிமன்ற ஊழியர் அல்லர் என்று ஒரு வரியில் திரும்பி வந்தது. சிரஸ்தார் எழுதிய வரிதான். அவர் எழுதியதில் பிழை இல்லை. கம்பெனியில் விசாரித்தார்கள். யார் சொல்லிப் போட்டாய்? நானாகத்தான் போட்டேன் என்றேன். அவர்கள் யோசித்து, அதை ஊழியர் முன்பணம் என்று என் பேரில் ஏற்றினார்கள். ஓய்வுக்கு ஆறு மாதம் இருந்தது. மாதம் ஆயிரம் பிடித்தார்கள். வீட்டுக்காரி, சம்பளம் ஏன் குறைகிறது என்று போனில் கேட்டாள். பல் வைத்தியம் என்றேன். எந்தப் பல் என்று கேட்டாள். கீழ்ப்பல் என்றேன். கூட இருந்திருந்தால் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்திருப்பாள்.

சரசுவுக்கு ஆதரவாகத் தீர்ப்பு வந்ததாகவும், இன்சூரன்ஸ் கம்பெனி மேல்முறையீடு போட்டிருப்பதாகவும் டவாலி ஒரு நாள் பஸ் நிலையத்தில் சொன்னார். ஆக அவளுக்கு இன்னும் ஒரு ரூபாயும் கைக்கு வரவில்லை. நீதிபதி அம்மா மாறுதலில் போய்விட்டார். அவர் மனசில் அது ஒரு கரண்ட் கட்.

ஓய்வு பெற்றபோது மிச்சத்தைக் கட்டினால்தான் பாக்கி இல்லை என்ற சான்றும், அதன் பின்னால் பணிக்கொடையும் தருவார்கள் என்றார்கள். என்னிடம் அந்தக் காசு இல்லாமல் இல்லை. மகளும் கட்டிவிட்டு வந்துவிடுங்கள் அப்பா என்கிறாள். ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து, நாளைக்குக் கட்டிவிடுவோம் என்று நினைப்பேன். விடிந்ததும் மனசு மாறிவிடும். கட்டிவிட்டால் அது நான் வாங்கிய கடன் என்று ஆகிவிடும். நான் கடன் வாங்கவில்லை. அன்றைக்கு கோர்ட் எழவில்லை, அவ்வளவுதான். இதை மேனேஜருக்கு மூன்று கடிதமாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பதில் வருகிறது, என் பேர், என் பணி எண், அதற்குக் கீழே ஒரே வரி.

நிலுவை: ரூபாய் ஐயாயிரத்து அறுநூறு.